தட்டின் அடியில் என் பெயர்

ரிங்லெட்
9 செப்டம்பர் 2024

கரேன்,

நான் உங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்த முதல் கிறிஸ்துமஸில் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். உனக்கு அப்போது பத்து வயது. கையில் டவுனிலிருந்து உன் அண்ணன் வாங்கி வந்த தேங்காய்ப் பன். “அண்ணி, நம்ம வீட்டு ரொட்டி மறுநாளே கல்லாயிடுது. சீனர் கடை பன் மட்டும் எப்படி ரெண்டு நாளைக்குப் பஞ்சு மாதிரியே இருக்கு?”

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டுத் தேடிப் போவதுதான் என் வழக்கம். ரிங்லெட் ரொட்டிக்கடையின் சீன முதலாளி, அந்தத் தவுக்கேயின் மகனுக்கு டியூஷன் எடுத்தேன். அவன் அம்மா எனக்குப் பன் சொல்லிக் கொடுத்தார். அப்படித்தான் அந்த வித்தை நம் குடும்பத்துக்கு வந்தது.

நேற்று சாயங்காலம் லாரிக்கார மகேன் காய்கறி லாரியை வாசலில் நிறுத்தி நீ எழுதிய ஒரு துண்டுக் காகிதத்தைக் கொடுத்தான். “அண்ணி, நான் போடும் பன் மறுநாள் கல்லாகிறது. ஏன்?” அதே கேள்வி. வாட்ஸாப்பில் உன்னைத் தடுத்து வைத்திருப்பதால் லாரியில் வந்திருக்கிறது.

ஏன் என்றால், இத்தனை வருடமும் நீ விற்ற பன்னின் மாவு என்னுடையது. நான் பிசைந்து கொடுத்ததை நீ உருட்டி, பூரணம் வைத்துச் சுட்டாய். இப்போது மாவு வருவதில்லை.

புதிய பாடம் தொடங்கும் முன் பழைய பாடத்தை ஒருமுறை சொல்லிவிடுவேன். என்னிடம் படித்தவள் நீ, உனக்குத் தெரியும். போன டிசம்பரில், மழை விடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் மாவையும் என் தட்டுகளையும் வாங்கிக்கொண்டு போனாய். டுரியான் பழப் பூரணத்தை உன் குவார்ட்டர்ஸில் கிண்டினாய். டுரியானை என் வாசற்படி தாண்ட நான் விட்டதில்லை. அந்த வாசனை பட்டாலே எனக்கு வாந்தி வரும். குளிரில் பன் ஊதவில்லை. தேயிலைத் தொழிற்சாலையின் பேக்கிங் ரூம் சாவி உன்னிடம் இருந்தது. தேயிலை உலர்த்தும் டிரையருக்குப் பக்கத்து அறை, கதகதப்பு. தட்டுகளைக் கொண்டுபோய் அங்கே வைத்தாய். பக்கத்தில் சனிக்கிழமை காய்ந்த தேயிலைத் தூள் மூடாமல் கிடந்தது.

தேயிலை பக்கத்தில் இருப்பதன் வாசனையை இழுத்துக்கொள்ளும். பையில் ஆரஞ்சுப் பழத்தோடு வைத்த புத்தகம் எப்படி ஆரஞ்சு மணக்குமோ, அதைவிட வேகமாக. தோட்டத்தில் பிறந்தவளுக்கு இது தெரியாமலா? டுரியான் நாறுகிறது என்று சரக்கு முழுவதும் திரும்பி வந்தது. தேடினார்கள். நீ எடுக்க மறந்த இரண்டு தட்டுகள் பெட்டிகளுக்குப் பின்னால் கிடந்தன. திருப்பிப் பார்த்தார்கள். சர்ச் விருந்துகளில் தட்டு மாறிப்போகாமல் இருக்க நான் சிவப்புப் பெயின்டால் எழுதிவைத்த பெயர்: மேவிஸ்.

மறுநாள் காலை பெரட்டில், தோட்டத்து ஆட்கள் அத்தனை பேரும் வேலைக்கு வரிசையாக நிற்கும் நேரத்தில், மேனேஜர் அந்தத் தட்டைத் தூக்கிக் காட்டினார். உன் அண்ணன், அந்தத் தொழிற்சாலையின் டீமேக்கர், “என் வீட்டுத் தட்டு, என் பொறுப்பு” என்றார். நீ இரண்டாவது வரிசையில் நின்றாய். வாய் திறக்கவில்லை.

அவர் வேலையை விட்டார். நாங்கள் ரிங்லெட்டுக்கு இறங்கி வந்தோம். மார்க்கெட்டுக்குப் போனால், என்னிடம் எழுத்துக் கற்றவர்களே சொல்கிறார்கள்: “டேய், டுரியான் டீச்சர் வராங்க.”

பாடம் முடிந்தது. இப்போது புதியது. பன் சொல்லித் தருகிறேன். மேனேஜர் பேசிய அதே இடத்தில் நின்று, தட்டை வைத்தது யார் என்று நீ சொல்ல வேண்டும். சம்மதம் என்றால் எழுது.

மேவிஸ்

*

தோட்டம்
14 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணி,

கடிதம் கிடைத்தது. மகேன் “என்ன லா அக்கா, புத்தகமா?” என்று கேட்டான்.

உங்களுக்கு எழுதினால் இப்போதும் இரண்டு முறை படித்துப் பார்க்கிறேன். சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பிவிடுவீர்களோ என்று.

நான் செய்தது தப்பு. இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு நான் வாய் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அண்ணனுக்கு ஓய்வு பெற ஆறு மாதம்தான் பாக்கி. எனக்கு வேலை போனால் குவார்ட்டர்ஸ் போகும். என் வீட்டுக்காரர் ராய்ஸ்டன் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தாலும் வீடு என் பெயரில்தான். மகள் டிஃபனி நான்காம் படிவம் படிக்கிறாள். அண்ணன் அன்று சாயங்காலம் வந்து, “நீ பேசாம இரு, நான் பாத்துக்கிறேன்” என்றார். அண்ணனே சொன்ன பிறகு நான் என்ன செய்ய?

இப்போது அவசரம். இந்த வருடக் கிறிஸ்துமஸ் தேநீர் விருந்துக்கு எல்லா லயத்து வீடுகளுக்கும் பன் போட மேனேஜர் என்னைக் கேட்டிருக்கிறார். இது நன்றாக வந்தால் பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் நிரந்தரமாக ஒரு இடம் பிடிக்கலாம். போன வாரம் விற்ற பன்னை ஒரு சீனப் பாட்டி திருப்பிக் கொண்டுவந்து மேசையில் தட்டிக் காட்டினார். டக் டக் என்று சத்தம் கேட்டது.

சொல்கிறேன் அண்ணி. விருந்து முடியட்டும், அங்கேயே எல்லார் முன்னாலும் சொல்கிறேன். சத்தியம்.

கரேன்

*

ரிங்லெட்
22 செப்டம்பர் 2024

கரேன்,

உன் அண்ணன் அப்படிச் சொன்னது எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா? டுரியான் யார் வீட்டு வாசனை என்று அவருக்குத் தெரியும். தெரிந்தே தங்கையைக் காப்பாற்ற மனைவியின் பெயரைக் கொடுத்தார்.

அதற்கான கணக்கை நான் அவரோடு தனியாக வைத்திருக்கிறேன். திரும்பி வந்த சரக்கில் ஒரு பெட்டியை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். அதை ஒரு பெரிய ரொட்டி டின்னில் கொட்டி வைத்திருக்கிறேன். தினமும் காலையில் அவருக்கு அந்தத் தூளில்தான் டீ. நான் மூக்கில் துணி கட்டிக்கொண்டு போட்டுத் தருகிறேன். நாக்கில் ஒரு சொட்டு வைத்து எந்த மலைச்சரிவின் கொழுந்து என்று சொல்லக்கூடிய மனிதர். குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவி வைக்கிறார்.

சரி, பாடத்துக்கு வருவோம்.

உனக்குத் தப்பாகச் சொல்லித் தரலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். விருந்தில் எல்லோரும் கல்லைக் கடித்தால் எனக்கு எவ்வளவு நன்றாக இருக்கும். ஆனால் கை வரவில்லை. பிள்ளை தோற்றால் டீச்சரைத்தான் கேட்பார்கள். ஆகவே எல்லாம் சரியாகவே எழுதுகிறேன்.

முதலில் கூழ். இதுதான் நீ கேட்ட கேள்விக்குப் பதில். ஒரு பங்கு மாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர், எடை போட்டு. சின்ன அடுப்பில் கைவிடாமல் கிளறு. கரண்டி போன தடம் சட்டியில் கோடாக நின்றால் இறக்கு. நன்றாக ஆறட்டும். மாவு தண்ணீரைச் சூட்டில் குடித்தால் விடாமல் பிடித்துக்கொள்ளும். காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்குக் கஞ்சி கொடுத்தால் வயிற்றில் நிற்கிறது, வெறும் தண்ணீர் நிற்பதில்லை, அதுபோல. மறுநாளும் பன் ஈரமாக இருப்பது அந்தக் கூழால்.

பிறகு ரொட்டி மாவு, சர்க்கரை, பால் தூள், ஈஸ்ட், ஒரு முட்டை, கொஞ்சம் உப்பு, இந்தக் கூழ். வெண்ணெயை முதலிலேயே போடாதே. மாவு ஒன்று சேர்ந்து பிடிபட்ட பிறகு போட்டுப் பிசை. அப்போது கைவிட்டுப் போன மாதிரி பிசுபிசுக்கும். பயந்து மாவு தூவாதே. நீ சின்ன வயதிலிருந்து செய்யும் தப்பு அதுதான்; கொஞ்சம் ஒட்டினாலும் மாவைத் தூவி மறைப்பாய். பிசைந்துகொண்டே இரு. ஒரு துண்டைக் கிள்ளி நான்கு விரலால் விரித்தால், விரல் தெரியும் அளவுக்குக் கிழியாமல் மெல்லிசாக வரவேண்டும். அதுவரை நிறுத்தாதே.

இப்போது குளிர். இந்த மலையில் மாவு ஊதாமல் போனது உனக்கு மட்டும் இல்லை. மகேனிடம் ஒரு தெர்மக்கோல் பெட்டி கேள், திரிங்காப் தோட்டக்காரர்கள் ஸ்ட்ராபெரி அனுப்புவார்களே, அது. உள்ளே ஒரு மக் வெந்நீர் வை, பக்கத்தில் தட்டை வை, மூடு. ஆறினால் வெந்நீரை மாற்று. இரண்டு மடங்காக ஊதும். இதற்கு ஒரு தேயிலைத் தொழிற்சாலை தேவையில்லை.

உருட்டி, கொஞ்சம் ஓய்வு கொடு. பிறகு தட்டி, பூரணம் வைத்து, விளிம்புகளைக் கிள்ளி மூடு. கிள்ளிய பக்கம் கீழே இருக்கட்டும். பெட்டியில் மறுபடி ஊதவிடு. மேலே முட்டை பூசிச் சுடு.

கடைசியாக ஒன்று. தவுக்கே மனைவி இதை எனக்கு மூன்று முறை சொன்னார். மூடிய பன் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். ஆகவே மேலே அடையாளம் வை. சிவப்புப் பயறு என்றால் எள். தேங்காய் என்றால் தேங்காய்ப்பூ. டுரியான் என்றால் மஞ்சள் பொட்டு. உள்ளே இருப்பது எது என்று கடிக்கும் முன்பே வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டும்.

இந்தக் கடைசிப் பாடத்தைத்தான் நீ முதலில் படிக்க வேண்டும்.

மேவிஸ்

*

தோட்டம்
3 நவம்பர் 2024

அண்ணி,

வந்துவிட்டது. மூன்று தடவை கூழ் கட்டி தட்டியது, நான்காவது தடவை சரியாக வந்தது. மறுநாள் காலை ஒரு பன்னை அமுக்கிப் பார்த்தேன். அமுங்கி மெல்ல எழும்பியது. டிஃபனி, “மா, இது அத்தை வீட்டுப் பன்” என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, ஏன் என்று தெரியவில்லை.

அந்தச் சீனப் பாட்டி மறுபடி வந்தார். அமுக்கிப் பார்த்தார். ஆறு வாங்கிக்கொண்டு போனார்.

அண்ணன் டீ விஷயத்தை ராய்ஸ்டனிடம் சொன்னேன். “உங்க அண்ணிகிட்ட நான் என்ன கேட்டாலும் ஆமான்னுதான் சொல்லப்போறேன்” என்றார்.

டிசம்பரில் சொல்கிறேன். மறக்கவில்லை.

கரேன்

*

ரிங்லெட்
23 டிசம்பர் 2024

கரேன்,

விருந்து எப்படி நடந்தது என்று நீ எழுதவில்லை. வடிவம்மாள் வந்து சொன்னாள். உன்னோடு பேக்கிங் ரூமில் வேலை செய்கிறவள், உன் பக்கத்தில்தான் நின்றாளாம். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். தப்பிருந்தால் திருத்து.

மேனேஜர் பன்னைக் கடித்துவிட்டு மைக்கை எடுத்தார். “கரேன், பன் ரொம்ப நல்லா இருக்கு. யாருகிட்ட கத்துக்கிட்ட?” என்று கேட்டு மைக்கை உன் கையில் கொடுத்தார். எல்லா லயமும் உட்கார்ந்திருந்தது. நீ மைக்கைப் பிடித்தாய். வடிவம்மாள், “இப்ப சொல்லிடும்னு நெனச்சேன் டீச்சர், உதடு கூட அசைஞ்சிச்சு” என்றாள்.

பிறகு சொன்னாய்: “யூடியூப் பாத்துக் கத்துக்கிட்டேன் சார்.”

எல்லோரும் கைதட்டினார்கள்.

கரேன், முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். பிரம்பைத் தொட்டதில்லை. எனக்கு அடிக்கத் தெரியாது. திட்டவும் சரியாக வராது. எனக்குத் தெரிந்தது பாடம் எடுப்பது ஒன்றுதான்.

வரும் ஜனவரி முதல் சனிக்கிழமைகளில் ரிங்லெட் சர்ச் மண்டபத்தில் பன் வகுப்பு எடுக்கப்போகிறேன். யார் வேண்டுமானாலும் வரலாம். இலவசம். கூழ் முதல் மஞ்சள் பொட்டு வரை எல்லாம் சொல்லித் தருவேன். உனக்குச் சொன்னதில் ஒரு எழுத்தும் குறையாமல்.

என் வகுப்பில் உதாரணங்கள் அதிகம் என்பது உனக்கு நினைவிருக்கும்.

மேவிஸ்

*

தோட்டம்
20 பிப்ரவரி 2025

அண்ணி,

நிறுத்துங்கள்.

ரிங்லெட்டில் தொடங்கி இப்போது திரிங்காப் கோயில் மண்டபத்திலும் வகுப்பாம். அந்த ஊர் மணியம்மா வீடு வீடாகப் போய் ஆள் சேர்க்கிறாராம். பூத்தோட்டத்துப் பெண்கள், சந்தைக்காரப் பெண்கள், என் பக்கத்துக் கடை ரூபினி கூட. போன சனிக்கிழமை இரவுச் சந்தையில் என் வரிசையிலேயே மூன்று பேர் பன் விற்கிறார்கள். மூன்றும் உங்கள் பன். அமுக்கினால் எழும்புகிறது. அந்தச் சீனப் பாட்டி ரூபினியிடம் வாங்குகிறார்.

அதைப் பொறுத்துக்கொள்வேன். நீங்கள் சொல்லும் உதாரணத்தை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

ரூபினி என்னிடமே வந்து அதை நடித்துக் காட்டினாள், அது நான்தான் என்று தெரியாமல். நீங்கள் மாவைத் தட்டிக்கொண்டே சொல்வீர்களாம்: “குளிருதுன்னு கதகதப்பான எடத்துக்கு அவசரப்பட்டு ஓடாதீங்க. ஒருத்தி ஓடுனா. டுரியான் பன்னைக் கொண்டுபோய்த் தேயிலைக்குப் பக்கத்துல வச்சா. மாவு ஊதுச்சு. இன்னொருத்தி பேரு கெட்டுச்சு.” எல்லோரும் “யாரு டீச்சர் அது?” என்று கேட்பார்களாம். நீங்கள், “அது பரீட்சையில வராது, பூரணத்தைக் கவனிங்க” என்பீர்களாம். மண்டபமே சிரிக்குமாம்.

பரீட்சையில் வராவிட்டாலும் சந்தைக்கு வந்துவிட்டது. நேற்று ஒருவர் என் பன்னை மோந்து பார்த்துவிட்டு, “அக்கா, இது எந்த ரூம்ல ஊதுனது?” என்று கேட்டார்.

நான் ஒன்று சொல்லட்டுமா? நான்காம் வகுப்பில் நீங்கள் என் டீச்சர். வீட்டில் அண்ணி, பள்ளியில் டீச்சர், எனக்குத் தப்பிக்க இடமே இல்லை. “கரேன் மாதிரி அடிச்சு அடிச்சு எழுதாதீங்க. கரேன் மாதிரி வீட்டுப்பாடத்தை மறந்துட்டு வராதீங்க.” எப்போதும் உதாரணம் நான்தான். பெரட்டில் அந்தத் தட்டைத் திருப்பிக் காட்டியபோது எனக்குப் பயமாக இருந்தது. அதோடு இன்னொன்றும் இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக எல்லார் முன்னாலும் உங்கள் பெயர் தப்பாக வந்தது. ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம், எனக்கு நன்றாக இருந்தது. அந்த ஒரு நிமிஷத்தில் வாய் மூடியது, பிறகு திறக்கவே முடியவில்லை.

நேற்று மேனேஜர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு, “உன் அண்ணன் ரொனால்டுக்கு நான் போன் பண்றேன்” என்றார். வேலையைப் பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

சொல்லிவிட்டேன். போதுமா?

கரேன்

*

ரிங்லெட்
25 பிப்ரவரி 2025

கரேன்,

மேனேஜர் போன் செய்தார். உன் அண்ணன் “பரவால்ல சார், பரவால்ல சார்” என்று சொல்லிவிட்டு வைத்தார். பிறகு கொல்லைப் பக்கம் போய் முட்டைக்கோசுக்குத் தண்ணீர் விட்டார், மழை பெய்துகொண்டிருந்தபோது.

நீ அடித்து அடித்து எழுதினாய். வீட்டுப்பாடத்தை மறந்தாய். இல்லாததை நான் சொல்லவில்லை. நீ நன்றாக எழுதிய நாளிலும் உன் நோட்டைத் தூக்கிக் காட்டியிருக்கிறேன். அது உனக்கு நினைவில் இல்லை. பிள்ளைகளுக்கு எது நினைவிருக்கும் என்பதை டீச்சர் தீர்மானிக்க முடியாது.

போதுமா என்று கேட்டாய். ஒரு உதாரணம். ஒருவருடைய வெள்ளைச் சட்டையில் இன்னொருவன் நடுத்தெருவில் சேற்றை அடித்தான். பிறகு வீட்டுக்குள் வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, “அண்ணே, உங்க சட்டை சுத்தம்தான்” என்றான். தெருவுக்கு என்ன தெரியும்?

என் பெயர் கெட்டது மூடிய அறையில் அல்ல. பெரட்டில்.

வரும் சனிக்கிழமை கர்ப்பிணிகளும் வரப்போவதாக மணியம்மா சொன்னார். நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். உதாரணம் அப்படியே இருக்கும். பெயரைச் சேர்ப்பதா என்று மட்டும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மேவிஸ்

*

தோட்டம்
11 மார்ச் 2025

அண்ணி,

சொல்லிவிட்டேன். இந்த முறை பெரட்டில்.

வடிவம்மாள் வந்து சொல்லும் முன் நானே எழுதுகிறேன். திங்கட்கிழமை காலை, பனி இறங்கியிருந்தது. கங்காணி இருளப்பன் பெயர் கூப்பிட்டு முடித்தார். நான் கை தூக்கினேன். “என்ன, லீவா?” என்றார். “இல்ல, ஒன்னு சொல்லணும்” என்றேன். மேனேஜர் ஜீப்பில் சாய்ந்து நின்றார். அவருக்குத் தெரியும், தலையை ஆட்டினார்.

முன்னால் போய் நின்றேன். “அந்த டுரியான் தட்டை உள்ள வச்சது நான். டீமேக்கர் வைக்கல. டீச்சர் வைக்கல. டீச்சருக்கு டுரியானே ஆகாது” என்றேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

பிறகு பின்னால் நின்ற, தமிழ் தெரியாத பங்களாதேஷ் ஆட்கள், ஏதோ நல்ல செய்தி என்று நினைத்துக் கைதட்டினார்கள். நம் ஆட்கள் சிரித்துவிட்டார்கள். இருளப்பன் சிரிக்கவில்லை. “மலாய்லயும் ஒருக்கா சொல்லிடு. அவனுங்களுந்தான் அன்னிக்கு இங்க நின்னானுங்க” என்றார். மலாயிலும் சொன்னேன். இரண்டாம் முறை சொல்வது முதல் முறையைவிடக் கஷ்டமாக இருந்தது. அவர்களில் ஒருவன் பக்கத்தில் இருந்தவனிடம் மூக்கைப் பிடித்துக் காட்டினான். அவர்களுக்கும் நினைவிருக்கிறது.

பேக்கிங் ரூமிலிருந்து எடுத்துவிட்டார்கள். சாவியை வாங்கிக்கொண்டார்கள். இப்போது நாற்றங்காலில், செடி வைக்கும் வேலை. மண்டி போட்டுச் செய்ய வேண்டும். குவார்ட்டர்ஸ் இருக்கிறது. ராய்ஸ்டனுக்காக விட்டுவைத்தார்கள் என்று நினைக்கிறேன்.

உங்கள் பெயர் உங்களுக்கு வந்துவிட்டது. அந்த இன்னொரு பெயர் எனக்கு வந்துவிட்டது. நேற்றே மார்க்கெட்டில் கேட்டேன்: “டுரியான் கரேன்.” டிஃபனியின் பள்ளி வரைக்கும் போய்விட்டது.

இப்போது மனசு ஆறியதா? வாட்ஸாப்பைத் திறப்பீர்களா? ஈஸ்டருக்கு வரலாமா?

கரேன்

*

ரிங்லெட்
16 மார்ச் 2025

கரேன்,

வடிவம்மாளும் வந்து சொன்னாள். நீ எழுதியதில் ஒன்றும் விட்டுப்போகவில்லை. சரி போட்டுவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை மார்க்கெட்டுக்குப் போனேன். அகிலனைத் தெரியுமில்லையா, உனக்கு இரண்டு வகுப்பு கீழே படித்தவன், இப்போது கீரைக் கடை வைத்திருக்கிறான். அவன்தான் அந்தப் பெயரை முதலில் கத்தியவன். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். “டீச்சர், வாங்க” என்றான். வேறொன்றும் முன்னால் சேர்க்கவில்லை. ஒரு கட்டுக் கீரையை இலவசமாகக் கொடுத்தான். வாங்கிக்கொண்டேன்.

வகுப்பில் அந்த உதாரணத்தை நிறுத்திவிட்டேன். இனி அதற்கு அவசியம் இல்லை. இப்போது அதை என்னைவிட நன்றாக மற்றவர்கள் சொல்கிறார்கள்.

நேற்றுக் காலை உன் அண்ணனுக்குப் புதிய தூளில் டீ போட்டேன். ஒரு வாய் குடித்தார். கோப்பையைக் கீழே வைத்தார்.

“தூள் மாத்திட்டியா?”

“மாத்திட்டேன்.”

அடுத்த வாய் குடிக்க அவருக்கு நேரமானது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, “அந்த டின்னு?” என்று கேட்டார்.

“இன்னும் கால்வாசி இருக்கு.”

“தூக்கிப் போட்டுடு லா, மேவிஸ்.”

நான் எதையும் பாதியில் தூக்கிப் போடுகிறவள் இல்லை. அது உங்கள் குடும்பத்துக்கே தெரியும்.

மனசு ஆறியதா என்று கேட்டாய். பொய் சொல்ல மாட்டேன். சுட்டு எடுத்த பன்னை உடனே பிய்த்தால் மேலே ஆறியிருக்கும், நடுவில் கை சுடும். நீ பெரட்டில் நின்றது ஒரு காலை. நான் அந்தப் பெயரோடு நடந்தது ஒரு வருடத்துக்கு மேல். உன் அண்ணன் அதைத் தினமும் குடித்திருக்கிறார். அவர் பங்கு முடிந்துவிட்டது. உன் பங்கு இன்னும் இருக்கிறது.

ஆகவே அந்த டின்னை மகேனிடம் கொடுத்து அனுப்புகிறேன். மூடியைச் சுற்றி டேப் ஒட்டியிருக்கிறேன். இல்லாவிட்டால் லாரியில் இருக்கும் கோஸ் எல்லாம் மணக்கும் என்கிறான். டின்னின் அடியில் சிவப்புப் பெயின்டால் பெயர் எழுதியிருக்கிறேன். வேறு யாருடையது என்று யாரும் குழம்பக்கூடாது. திருப்பிப் பார். உன் பெயர்.

ராய்ஸ்டனுக்குக் கொடுக்காதே. டிஃபனிக்குக் கொடுக்காதே. காலியான டின் என் வாசலுக்கு வரும் அன்று வாட்ஸாப்பைத் திறக்கிறேன். ஈஸ்டருக்குள் முடிந்தால் வா. நாற்றங்காலில் மண்டி போட்டு முழங்கால் தேய்ந்திருக்கும், உட்கார நாற்காலி போடுகிறேன். மாவும் பிசைந்து வைக்கிறேன்.

நாளைக் காலையிலிருந்து செய்ய வேண்டியது இது: தண்ணீர் நன்றாகக் கொதித்ததும் ஒரு கரண்டித் தூளைப் போட்டு, சற்று நேரம் மூடி வைத்து, பாலும் சர்க்கரையும் சேர்க்காமல், கோப்பை காலியாகும் வரை குடி.

மேவிஸ்